கண்ணால் படித்த ஆங்கிலம்

போலாரம் என்று தமிழில் எழுதிய உடனேயே ஒரு சிக்கல் தொடங்கிவிடுகிறது. செகந்திராபாத்துக்கு வடக்கே இருக்கும் அந்த ஊரை அறியாதவர் முதல் எழுத்தைப் 'போர்வை'யில் வருவது போலப் படிப்பார். ஊர்க்காரர்கள் சொல்வதோ 'போண்டா'வில் வரும் ஒலி. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினால் இந்தக் குழப்பம் தீரும், வேறொன்று முளைக்கும். முதல் உயிர் குறிலா, நெடிலா என்று அந்த எழுத்து சொல்லாது. தெலுங்குப் பத்திரிகைகள் அதைக் குறிலாக்கி, லகரத்தை இரட்டித்துப் 'பொல்லாரம்' என்று அச்சிடுகின்றன. ஊர் ஒன்று, எழுத்து மூன்று, ஒலியும் மூன்று.

பக்கத்திலேயே திருமலகிரி இருக்கிறது. அது வெள்ளைக்காரர் வாயில் புகுந்து 'ட்ரிமல்கெரி'யாக வெளியே வந்தது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். தூத்துக்குடி 'டூட்டிகொரின்' ஆனது. தரங்கம்பாடி 'ட்ராங்கிபார்' ஆனது. திருவல்லிக்கேணி 'ட்ரிப்ளிகேன்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்ற பெயரில் லண்டன் ஓட்டல்களின் மெனுவில் இடம் பிடித்தது. இப்படிச் சொன்ன எந்த கலெக்டரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டதாகத் தகவல் இல்லை. ஆனால் 'ரிசீட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ரிசீப்ட்' என்று சொல்லி, எதிரே இருந்தவர் சிரித்ததால், அதற்குப் பிறகு இன்டர்வியூ முடியும்வரை வாயே திறக்காமல் எழுந்து வரும் தமிழ்ப் பட்டதாரிகள் எல்லா ஊரிலும் உண்டு. பறிபோவது ஒரு சொல் அல்ல, ஒரு வேலை.

எந்த ஆங்கிலத்துக்குப் பயந்து இந்த மௌனம்? பதிலின் ஒரு பகுதி போலாரத்திலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் அது ராணுவம் தங்கிய ஊர். ஹைதராபாத் ரெசிடென்ட்டுக்காக அங்கே 1860-ல் கட்டிய மாளிகைதான் இன்றைய ராஷ்டிரபதி நிலையம். அதற்கும் முன்பே, 1847-ல், ஹோலி டிரினிட்டி தேவாலயம் எழும்பியது. 1983 நவம்பர் 20 அன்று இரண்டாம் எலிசபெத் ராணி தன் கணவர் பிலிப்புடன் அந்த தேவாலயத்துக்கு வழிபாட்டுக்கு வந்தார். அன்று அவர்களுடைய 36-வது திருமண நாள். 'ராணியின் ஆங்கிலம்' என்று உலகமே அண்ணாந்து பார்த்த மொழியின் சொந்தக்காரர் அன்று போலாரத்தில் அமர்ந்து பிரார்த்தனை செய்தார்.

அந்த ராணியே தன் ஆங்கிலத்தை அப்படியே வைத்திருக்கவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். ஆண்டுதோறும் அவர் கிறிஸ்துமஸ் உரை நிகழ்த்துவது வழக்கம். அந்த ஒலிப்பதிவுகளை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்து, 2000 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். 1950-களில் ராணி உச்சரித்த உயிரொலிகள் 1980-களுக்குள் கணிசமாக நகர்ந்திருந்தன. எந்தப் பக்கம்? தென் இங்கிலாந்தில் அவரைவிட இளையவர்களும் சாதாரணக் குடும்பத்தினரும் பேசும் பக்கம். குடிமக்கள் ராணியைப் போலப் பேச முயல, ராணி குடிமக்களைப் போலப் பேசத் தொடங்கியிருந்தார். 2022-ல் அவர் மறைந்தபோது, அவர் முடிசூடியபோது பேசிய ஆங்கிலம் பழைய படங்களில்தான் மிச்சம் இருந்தது.

ஆக, மாறாத ஒரே உச்சரிப்பு என்று ஒன்று கிடையாது. அதனால் தவறே கிடையாது என்று அர்த்தமல்ல. தவறுகள் மூன்று வகை. ஒன்று கண்ணால் வருவது. இன்னொன்று நாக்கால் வருவது. மூன்றாவது, தாளம் தப்புவதால் வருவது. மூன்றும் சமமான குற்றங்கள் அல்ல. எதற்குக் கவலைப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதலில் கண். தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்தின் மேல் அபார நம்பிக்கை. எழுதியதைப் படித்தால் சொல் வந்துவிடும் என்பது அதன் ஒன்றாம் வகுப்பு அனுபவம். அந்த நம்பிக்கையோடு ஆங்கிலத்துக்குப் போகிறது, ஏமாறுகிறது. புதன்கிழமை 'வெட்னஸ்டே' ஆகிறது, சரியானது 'வென்ஸ்டே'. தீவு 'ஐஸ்லண்ட்' ஆகிறது, சரியானது 'ஐலண்ட்'. புதைப்பதைக் குறிக்கும் சொல் 'பரி' ஆகிறது. அது 'செர்ரி' பழத்தோடு எதுகை சேர வேண்டிய 'பெரி'. கல்லறை 'டூம்', தலை சீவுவது 'கோம்', வெடிப்பது 'பாம்'. மூன்றின் முடிவிலும் இருப்பது அதே மூன்று எழுத்து.

இது எழுத்தின் குற்றமே தவிர, படிப்பவரின் குற்றம் அல்ல என்பதற்கு ராணுவ ஊரான போலாரத்தில் பழகிய இரண்டு சொற்கள் சாட்சி. கர்னல், லெப்டினன்ட். ஆங்கிலத்தின் மிக விபரீதமான எழுத்துக்கூட்டல்களில் இவை இரண்டும் சேரும். முன்னதில் 'ஆர்' என்ற எழுத்தே கிடையாது. நடுவில் நிற்பது 'எல்'. பின்னதில் 'எஃப்' கிடையாது. ஆனாலும் பிரிட்டிஷார் 'லெஃப்' என்றுதான் தொடங்குவார்கள். இருந்தும் தமிழ் நாளிதழ்கள் தலைமுறை தலைமுறையாகக் 'கர்னல்' என்றும் 'லெப்டினன்ட்' என்றும் சரியாகவே எழுதி வருகின்றன. கிராமத்து முன்னாள் ராணுவ வீரரும் சரியாகவே சொல்கிறார். காரணம் எளிது. இந்தச் சொற்கள் புத்தகத்திலிருந்து வரவில்லை. பரேடு மைதானத்திலிருந்து காது வழியாக வந்தன.

சென்னை ராணுவத்தோடு செகந்திராபாத் பக்கம் போய்த் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அந்தக் காலத்தில் துரை வீட்டில் வேலை பார்த்தவர் பேசியதைப் 'பட்லர் இங்கிலீஷ்' என்று கேலி செய்தார்கள். இலக்கணம் நொண்டியது உண்மை. ஆனால் எழுத்தையே பார்க்காமல் காதால் பிடித்த சொற்களில் ஊமை எழுத்து எப்படி வாய் திறக்கும்?

இன்றைய கல்லூரி வளாகத்திலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். 'டவுட்டு' என்று சொல்லாத மாணவர் கிடையாது. அந்தச் சொல்லில் ஒரு 'பி' ஒளிந்திருப்பதை எழுதும்போதுதான் கவனிப்பார்கள். யாரும் 'டவுப்ட்' என்று சொல்வதில்லை. அதே மாணவர் கடனைக் குறிக்கும் சொல்லைப் பாடப் புத்தகத்தில் பார்த்ததும் 'டெப்ட்' என்று வாசிக்கிறார். 'டெட்' என்பதே சரி. இரண்டிலும் அதே ஊமை 'பி'. முன்னது நண்பன் வாயிலிருந்து வந்தது, பின்னது அச்சிலிருந்து வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த 'பி' அங்கே வந்த கதை இன்னும் வேடிக்கை. இந்தச் சொற்களை ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து வாங்கியபோது அவற்றில் 'பி' இல்லை. பேச்சிலும் இல்லை, எழுத்திலும் இல்லை. பிற்காலத்தில் லத்தீன் மோகம் கொண்ட பண்டிதர்கள், மூலச் சொல்லில் இருந்த எழுத்து விட்டுப்போகலாமா என்று அதைக் கொண்டுவந்து செருகினார்கள். 'ரிசீட்'டில் நிற்கும் 'பி'யும் அப்படி வந்த விருந்தாளிதான். 'ஐலண்ட்'டில் உள்ள 'எஸ்' அதைவிட மோசம். அது அச்சொல்லின் மூதாதையிலேயே கிடையாது. உறவில்லாத வேறொரு சொல்லைப் பார்த்து ஒட்டவைத்தது. ஆகவே 'ரிசீப்ட்' என்று சொல்லும் தமிழ்ப் பிள்ளை செய்யும் பிழை, சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலப் பண்டிதர்கள் செய்த குறும்பின் பலன்.

பண்டிதர்கள் மட்டும் காரணமில்லை. வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவினார். அதையடுத்து எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. ஆனால் வாய் உறையவில்லை. அதே காலகட்டத்தில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தன. எழுத்து நின்ற இடத்திலேயே நிற்க, ஒலி ஊரைவிட்டே போய்விட்டது. பெர்னார்ட் ஷா இதைக் கண்டு பொறுக்காமல், ஆங்கிலத்துக்குப் புது நெடுங்கணக்கு உருவாக்கத் தன் உயிலில் பணம் ஒதுக்கினார். 1950-ல் அவர் இறந்தார். 1962-ல் அவருடைய நாடகம் ஒன்று புதிய எழுத்தில் அச்சாகி வந்தது. அதோடு சரி. உலகம் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டு திண்டாடுகிறது.

இரண்டாவது வகை, நாக்கால் வருவது. இங்கே பேசுபவரின் தாய்மொழி இலக்கணம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வல்லின மெய்யில் ஒரு சொல் முடியாது என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. க், ச், ட், த், ப், ற் இவற்றில் எதுவும் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது. பின்னால் ஒரு குற்றியலுகரம் வேண்டும். பாட்டு, பத்து, காப்பு எல்லாம் அப்படித்தான். தொல்காப்பியத்தைக் கண்ணால் பாராத ஆட்டோ ஓட்டுநரும் அந்த விதியை ஒருநாளும் மீறுவதில்லை. 'லைட்டு', 'கப்பு', 'புக்கு', 'பேங்க்கு' என்கிறார். இது ஆங்கிலத்தில் பிழை. தமிழில் பார்த்தால், அசல் வன்தொடர்க் குற்றியலுகரம்.

சொல்லின் தொடக்கத்திலும் இதே காவல். இரண்டு மெய்கள் கைகோத்து வாசலில் நுழையத் தமிழ் விடாது. ஆகவே 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகிறது, 'ஸ்டேஷன்' 'இஸ்டேஷன்' ஆகிறது. ராமனை 'இராமன்' ஆக்கி வரவேற்ற அதே பழக்கம்தான் இது. எகரத்தில் தொடங்கும் சொல்லின் முன் ஒரு யகரமும் ஒகரத்தின் முன் ஒரு வகரமும் நழுவி வந்துவிடுவதால் முட்டை 'யெக்' ஆகிறது, 'ஒன்லி' 'வொன்லி' ஆகிறது. 'ஃபேன்' சொல்ல வராமல் 'பேன்' ஓடவில்லை என்று எலெக்ட்ரீஷியனிடம் புகார் செய்தால், தலையைப் பார்க்கச் சொல்லி அவர் கிண்டல் செய்யத்தான் செய்வார்.

இதில் தமிழர் மட்டும் தனி அல்ல. தெலுங்குக்காரருக்கும் 'பஸ்ஸு', 'காரு' என்று முடித்தால்தான் நிம்மதி. உத்தரப் பிரதேசத்துக்காரரும் 'இஸ்கூல்'தான் சொல்கிறார்; பஞ்சாபிக்காரர் நடுவில் ஓர் உயிரைச் செருகி 'ஸகூல்' என்கிறார். மலையாளிக்குக் கல்லூரி 'கோளேஜ்'. ஒருவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டே அவர் எந்த ரயிலில் வந்து இறங்கினார் என்று சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்துக்காரரையும் டெக்ஸாஸ்காரரையும்கூட இப்படியே கண்டுபிடிக்கிறார்கள். அது ஊர் அடையாளம். 'திங்க்' என்பதைத் தமிழ்த் தகரம் போட்டுச் சொல்வதால் யாருக்கும் பேச்சு புரியாமல் போய்விடாது.

அப்படியானால் எதனால் புரியாமல் போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய இடம் போலாரத்துக்குத் தெற்கே அதே மாநகரில் உள்ளது. 1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் ஆங்கில ஆசிரியர்களைத் தயார் செய்வது அதன் வேலை. 1972-ல் மற்ற அந்நிய மொழிகளையும் அது சேர்த்துக்கொண்டது. 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே பணியாற்றிய ஆர்.கே. பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஒலிப்பதிவுகளைப் போட்டுக்காட்டி அளந்தார். ஆய்வு 1969-ல் நூலாக வந்தது. பிரிட்டிஷார் கேட்டபோது சராசரியாக 70 சதவீதம்தான் புரிந்தது. மீதி புரியாமல் போனதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, சொல்லில் அழுத்தம் தவறான அசையில் விழுந்தது.

இதுதான் மூன்றாவது வகை. உண்மையில் கவலைப்பட வேண்டியதும் இதற்குத்தான். ஆனால் இன்டர்வியூவில் சிரிப்பவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை.

தமிழில் ஒரு சொல்லின் எல்லா அசைகளுக்கும் ஏறக்குறைய சம மரியாதை. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஓர் அசைக்குப் பட்டாபிஷேகம், மற்றவை கைகட்டி நிற்க வேண்டும். கேட்பவரின் காது முடிசூடிய அசையைத்தான் தேடுகிறது. அது இடம் மாறினால் சொல்லே வேறாகிவிடுகிறது. சிறந்த உதாரணம், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு ஊர் ஊராக நடக்கும் வழிகாட்டி நிகழ்ச்சிகள். பேனரில் எழுதியிருப்பது வாழ்க்கைத் தொழிலைக் குறிக்கும் சொல். மைக்கில் ஒலிப்பதோ 'கேரியர் கைடன்ஸ்'. அது சாப்பாடு கொண்டுபோகும் அடுக்குப் பாத்திரம். தொழிலைக் குறிக்கும் சொல்லில் முதல் அசையை விழுங்கிவிட்டு, இரண்டாவது அசையில் எடை வைத்துக் 'க-ரியர்' என்று சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட இரட்டையர் நிறைய. முதல் அசையில் அழுத்தினால் 'டெசர்ட்' பாலைவனம். இரண்டாவதில் அழுத்தினால் சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பு. 'பர்சனல்' முதல் அசையில் அழுத்தினால் சொந்த விஷயம். கடைசி அசையில் அழுத்திப் 'பர்சனெல்' என்றால் ஆபீஸில் வேலை செய்யும் ஆட்கள். 'ரெக்கார்ட்' முதல் அசையில் அழுத்தம் பெற்றால் ஆவணம்; இரண்டாவதில் பெற்று 'ரிக்கார்ட்' என்று ஒலித்தால் பதிவு செய்வது. தமிழர்கள் 'டெவலப்' என்று முதல் அசையைத் தூக்குகிறார்கள். அங்கே முடி 'வெ'வுக்கு. 'ஹோட்டல்' என்பதில் முடி இரண்டாவது அசைக்கு.

கைகட்டி நிற்கும் அசைகளை என்ன செய்வது? முழுசாக உச்சரித்தால் தாளம் கெடும். 'வெஜிடேபிள்', 'கம்ஃபர்ட்டேபிள்' என்று சொல்பவர்கள் சமையலறையிலும் சோபாவிலும் ஒரு மேஜையைப் போட்டுவிடுகிறார்கள். 'வெஜ்டபிள்', 'கம்ஃப்டபிள்' என்று மூன்று அசையில் முடிந்துவிடும் சொற்கள் அவை. 'டிடர்மைன்' என்று கடைசியில் நீட்டக் கூடாது, 'டிடர்மின்' போதும். உச்சரிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே பலர் 'ப்ரனவுன்சியேஷன்' என்கிறார்கள். வினைச்சொல்லில்தான் 'வுன்' உண்டு. பெயர்ச்சொல்லில் அது 'ப்ரனன்சியேஷன்'.

அசையை விழுங்குவது தமிழருக்குப் புதிய வித்தையும் அல்ல. ஒரு மாத்திரை பெற வேண்டிய உகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதைத்தானே குற்றியலுகரம் என்கிறோம்? குற்றியலிகரம், ஐகாரக் குறுக்கம் என்று குறுகும் ஒலிகளுக்குப் பெயர் வைத்து, கணக்கும் வைத்த மொழி தமிழ். 'தலைவன்' என்பதை யாரும் முழு ஐகாரம் கொடுத்துச் சொல்வதில்லை. ஆங்கில வகுப்பில் பிள்ளைகளைக் குழப்பும் அந்தத் தேய்ந்த உயிரொலியை, எட்டாம் வகுப்புத் தமிழாசிரியர் சார்பெழுத்து நடத்தும்போதே பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். இரண்டு ஆசிரியர்களும் ஒரே ஸ்டாஃப் ரூமில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

வேலைச் சந்தை வேறு வழியைத் தேடியது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கால் சென்டர்கள் பெருகியபோது, ஊர் வாடையை நீக்கும் பயிற்சி வகுப்புகள் முளைத்தன. ஹைதராபாத்தின் அமீர்பேட்டையில் கம்ப்யூட்டர் கோச்சிங் பலகைகளுக்கு நடுவே ஸ்போக்கன் இங்கிலீஷ் பலகைகளும் தொங்கின. இரவு ஷிஃப்டில் உட்கார்ந்தவர்கள் பெயரைக்கூட மாற்றிக்கொண்டார்கள். இப்போது அதற்கும் ஒரு படி மேலே போய், இந்தியர் பேசப் பேச அந்தக் கணமே அமெரிக்கர் பேசுவது போல ஒலியை மாற்றித் தரும் மென்பொருள் வந்துவிட்டது. கம்பெனிக்கு அது லாபமாக இருக்கலாம். பேசுபவருக்கு அது எதையும் கற்றுத் தருவதில்லை. எதிரே ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்கும் அறைக்குள் மென்பொருளைக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது.

மேற்கத்தியரைப் போல ஒலிப்பது ஒன்று, தெளிவாக ஒலிப்பது வேறு. கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு, ஆங்கிலேயர்களே அவரை 'வெள்ளி நாக்கு'க்காரர் என்று புகழ்ந்தார்கள். அவர் ஆங்கிலேயராக வேஷம் போடவில்லை. தலைப்பாகையும் அங்கவஸ்திரமுமாகத்தான் மேடை ஏறினார்.

தெளிவுக்கு வழி என்ன? ஒன்று, அகராதி. அயல்நாட்டு மாணவர்களுக்காக ஏ.எஸ். ஹார்ன்பி தயாரித்து, 1948-ல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட அகராதியும் அதன் வழியில் வந்தவையும் பொருளோடு உச்சரிப்பையும் தருகின்றன. அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். பொருளைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடுபவர்கள் அந்தக் கோட்டைக் கவனிப்பதில்லை. இன்று கைபேசியிலேயே அகராதி இருக்கிறது. ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கிறது. ஒருமுறை தொட்டுக் கேட்பது, நூறு முறை கண்ணால் படிப்பதைவிட மேல்.

இரண்டு, சில விதிகள் பெரும்பாலும் கைகொடுக்கும். 'ஷன்' என்று முடியும் சொற்களில் அதற்கு முந்திய அசைக்கு அழுத்தம்: எஜுகேஷன், எக்ஸாமினேஷன் இரண்டிலும் அது 'கே', 'னே'. 'இக்' என்று முடியும் சொற்களிலும் பெரும்பாலும் அப்படியே. அதனால்தான் 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் இருக்கும் முடி, எடுப்பவரைச் சொல்லும்போது 'ஃபட்டாகிரஃபர்' என்று இரண்டாவதற்கும், 'ஃபோட்டோகிராஃபிக்' என்னும்போது மூன்றாவதற்கும் நகர்கிறது. ஒரு சொல்லைத் தனியாகப் படிக்காமல் குடும்பத்தோடு சேர்த்துப் படித்தால் இது தானாகவே படிந்துவிடும்.

மூன்று, எங்கே நிறுத்திக்கொள்வது என்ற நிதானம். குழாய் ரிப்பேர் செய்பவர் அகராதிப்படி 'பிளமர்'தான். நடுவில் 'ப்' கிடையாது. ஆனால் தாம்பரத்திலும் தாராவியிலும் 'பிளமர்' என்று கூப்பிட்டால் ஒருவரும் வர மாட்டார். தெருவில் 'பிளம்பர்' என்றே கூப்பிடலாம். இங்கிலீஷ் பேப்பர் படித்துக்காட்டும்போது 'பிளமர்' என்று சொன்னால் போதும். எந்த இடத்தில் யாருக்குப் புரிய வேண்டும் என்பதே அளவுகோல்.

கடைசியாக, சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'வெட்னஸ்டே' என்று சொன்னவரைப் பார்த்துச் சிரிக்கும் அதே வாய்தான் பல வீடுகளில் 'வாளைப்பளம்' சாப்பிடுகிறது. 'தமிள் வால்க' என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் விழுகிறது. ழகரம் வராத தொகுப்பாளர் அழகாகத் தமிழ் பேசுகிறார் என்று பாராட்டும் கிடைக்கிறது. தாய்மொழி தப்பினால் ஸ்டைல், அந்நிய மொழி தப்பினால் அவமானம் என்ற இந்தக் கணக்கு யார் போட்டது? இரண்டுமே திருத்திக்கொள்ளக் கூடிய சாதாரணப் பிழைகள். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: யாராவது ஒருவர் சரியாகச் சொல்லிக் காட்ட வேண்டும், மற்றவர் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் பிள்ளை 'ரிசீப்ட்' என்று சொன்னால் பேச்சை நிறுத்தவோ, அக்காவைக் கூப்பிட்டுச் சேர்ந்து சிரிக்கவோ வேண்டாம். அடுத்த வாக்கியத்தில் 'அந்த ரிசீட்டை எங்கே வைத்தாய்?' என்று கேட்டால் போதும். கர்னலையும் லெப்டினன்டையும் தப்பில்லாமல் பிடித்த காது, இதையும் பிடித்துக்கொள்ளும்.